அயல்நாட்டு இணைய உளவு: செய்த நாட்டின் பெயரை அரசு சொல்ல வேண்டுமா? நீலகிரி உறுப்பினர்கள் கருத்திடவும்

#1 குன்னூர் வாசகர்

2019 அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நிலையத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பரவும் செய்தி பொய் என்றும், கட்டுப்பாட்டு அமைப்பின் மீது இணையத் தாக்குதல் நடத்தவே இயலாது என்றும் அது அடித்துச் சொன்னது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை விட்டது. தீநிரல் (கணினிக்குள் புகுந்து கேடு செய்யும் மென்பொருள்) கண்டறியப்பட்டது உண்மைதான். செப்டம்பர் 4ஆம் தேதியே, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணினி மட்டுமே. உள் வலையமைப்பு தனித்திருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றது அந்த அறிக்கை.

அந்தத் தீநிரலின் பெயர் டி-டிராக். அதற்கு முந்தைய மாதமே காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதி, வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை அதில் தெரிவதாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் கூடங்குளம் பற்றிய மேற்படி இரண்டு அறிக்கைகளிலும் எந்த நாட்டின் பெயரும் இல்லை. பொது வெளியில் தீநிரலின் மாதிரி கிடைத்து, அதற்குள் நிலையத்தின் உள் வலையமைப்புப் பெயரே எழுதப்பட்டிருப்பதை வெளியார் பார்த்திராவிட்டால், நமக்குச் செய்தியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. 2014 மே மாதம் சீன ராணுவத்தின் 61398ஆம் பிரிவைச் சேர்ந்த ஐந்து அதிகாரிகள் மீது, புகைப்படம் ஒட்டிய சுவரொட்டியோடு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2021 ஏப்ரலில், சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவலுக்கு ரஷ்யாவின் வெளிநாட்டு உளவு அமைப்பே பொறுப்பு என்று அறிவித்துப் பத்துத் தூதரக அலுவலர்களை வெளியேற்றியது.

நம் மலையில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே வந்து படிக்கிறார்கள். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. குந்தாவிலும் பைக்காராவிலும் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்துக்குள் உளவாளி தேடுகிற மூன்று வகைச் சரக்கும் இருக்கும்போது, அரசு நம்மிடம் எவ்வளவு சொல்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பெயர் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

#2 வெலிங்டன் ஓய்வூதியர்

சிக்னல்ஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பணியில் பார்த்தது எதுவும் இங்கே வராது. பத்திரிகைகளில் வெளிவந்ததை மட்டும் வைத்தே பேசலாம்.

அரசு பேசாமல் இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெதர்லாந்தின் கதையைக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு உளவுத்துறை, கோஸி பேர் என்றழைக்கப்படும் ரஷ்யக் குழுவின் கணினிகளுக்குள் நுழைந்தது. மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் அந்தக் குழு இயங்கிவந்தது. நெதர்லாந்துக்காரர்கள் கணினியோடு நிற்கவில்லை. அந்த அறைக்குப் போகும் நடைபாதையில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராவையும் தம் வசமாக்கி, உள்ளே போகிறவர் வருகிறவர் முகங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் அந்தக் குழு புகுந்தபோது அமெரிக்கர்களை எச்சரித்தவர்களும் இவர்கள்தாம். பிறகு, நட்பு நாடு ஒன்று தமக்கு உதவியதாக அமெரிக்கத் தரப்பினர் பத்திரிகைகளிடம் பேசத் தொடங்கியது நெதர்லாந்தினரை எரிச்சலூட்டியது. எரிச்சல் நியாயமானதே. எதிரி ஒருமுறை தன் நடைபாதைக் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டால், ஆண்டுக்கணக்கான உழைப்பு அதோடு முடிந்தது.

இரண்டாவதாக, உளவு பார்ப்பது பன்னாட்டுச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட செயல் அன்று. பன்னாட்டுச் சட்டம் இணையச் செயல்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று விளக்கும் டாலின் கையேட்டின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பைத் தயாரித்த வல்லுநர்களும், அமைதிக் காலத்து இணைய உளவு தன்னளவில் சட்டமீறல் ஆகாது, அது நடத்தப்படும் முறையைப் பொறுத்தே மீறலாகலாம் என்றுதான் எழுதினார்கள். ஜெர்மன் பிரதமர் மெர்க்கலின் கைபேசியை அமெரிக்காவே கண்காணித்ததாக 2013இல் வெளிவந்த செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் பக்கமும் சும்மா இல்லை என்பதுதான் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களின் கணிப்பு. பேட்ச்வொர்க் என்ற குழுவை அவர்கள் இந்தியச் சார்புடையதாகக் கருதுகிறார்கள். அது பாகிஸ்தானைக் குறிவைத்துத் தயாரித்த தீநிரல் தன் சொந்தக் கணினியிலேயே தொற்றிக்கொண்டு, அதன் வேலைத்திரை முழுவதும் ஆய்வாளர்கள் கைக்குப் போன வேடிக்கை 2022 ஜனவரியில் வெளிவந்தது. தானும் ஆடுகிற ஆட்டத்தில் அடுத்தவனைப் பார்த்துக் கூச்சல் போட எந்த அரசும் தயங்கும். வாசகர் தம்பி சினத்தோடு எழுதியிருக்கிறார். சினம் கொள்கை ஆகாது.

#3 உதகை வழக்குரைஞர்

இருவரும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. எந்த நாடு செய்தது என்று உலகுக்கு அறிவிப்பது ஒன்று. உன் கணினியில் ஆள் புகுந்திருக்கிறான் என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது மற்றொன்று. முதலாவதில் ஐயா சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் செல்லும். இரண்டாவதில் அவை செல்லா.

நம் நாட்டுச் சட்டத்தில் தகவல் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும்; 180 நாள் பதிவேடுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும்; தவறினால் தண்டனை உண்டு. கீழிருந்து மேலே போகும் தகவலுக்கு மணிக்கணக்கில் கெடு இருக்கிறது. ஆனால், எந்தத் துறையில் எத்தனை ஊடுருவல்கள் நடந்தன, அவை எந்தக் குழுவின் பாணியில் இருந்தன என்று மேலிருந்து குடிமக்களுக்குச் சொல்ல அந்த ஆணையில் எந்தக் கடமையும் இல்லை. கேட்டாவது பெறலாமா என்றால், 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் குறித்த விவரங்களைத் தவிர வேறெதையும் அதனிடம் கேட்க முடியாது.

ஒன்றை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, தீநிரல் தொற்றிய கணினிகளின் முகவரிகளை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பி, அவர்கள் வழியாக வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேர ஏற்பாடு செய்கிறது. ஆகவே சொல்லும் வழியே இல்லை என்று வாதிட மாட்டேன். அந்த வழி சாதாரண இணையக் கொள்ளையருக்காக அமைந்தது. அரசுசார் உளவாளியின் தடம் கிடைக்கும் இடத்தில் அதே அளவு வாய் திறக்கிறார்களா என்பதுதான் என் ஐயம்.

ஐயா குறிப்பிடாத இன்னொரு பக்கமும் உண்டு. உளவு மென்பொருளை வாங்குபவர் நம் அரசாகவே இருந்தால் என்ன செய்வது? கைபேசியை உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27ஆம் தேதி ஓய்வு பெற்ற நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழு அமைத்தது. தேசியப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலே நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதில்லை என்றும் அப்போது கூறியது. குழு ஆராய்ந்த 29 கைபேசிகளில் 5இல் ஏதோ தீநிரல் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே பதிவு செய்தது. அயலான் விஷயத்தில் மௌனம் காக்கும் அதே வாய்தான் இதிலும் மௌனம் காத்தது. மௌனம் எதற்காக என்று வெளியிலிருந்து பிரித்தறிய நமக்கு எந்த வழியும் இல்லை.

#4 குந்தா ஷிப்ட்

மின்வாரியத்தில் நீர்மின் பிரிவில் வேலை பார்த்தவன். அணை, பென்ஸ்டாக் குழாய், டர்பைன் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். அரசியல் எனக்குத் தெரியாது. ஆனால் மின்துறையை உளவாளி எதற்காகத் தேடுகிறான் என்பதில் பலருக்கும் தப்பான படம் இருக்கிறது. யாரோ பொத்தானை அழுத்தினால் குந்தா இருண்டுவிடும் என்று நினைக்கிறார்கள்.

மின்னகத்திலிருந்து எத்தனை மெகாவாட் போகிறது, எந்த பிரேக்கர் மூடியிருக்கிறது என்ற விவரங்கள் மின் உற்பத்தியையும் தேவையையும் ஈடுகட்டி நடத்தும், சென்னையிலுள்ள மாநிலச் சுமை அனுப்பு மையத்துக்கு நொடிக்கு நொடி போகும்; அங்கிருந்து பெங்களூருவிலுள்ள தென்மண்டல மையத்துக்குப் போகும். உளவாளிக்கு முதலில் வேண்டியது டர்பைன் அன்று. எந்தத் துணை மின்நிலையம் எதோடு இணைந்திருக்கிறது என்னும் ஒற்றைக்கோட்டு வரைபடம், ரிலேக்கள் எந்த அளவில் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன என்னும் அட்டவணை, எந்த நிறுவனத்தின் பொறியாளர் எந்த மடிக்கணினியோடு பராமரிப்புக்கு வருகிறார் என்னும் விவரம் ஆகியவைதாம் அவனுக்குத் தேவை. இவை இருப்பது கட்டுப்பாட்டு அறையில் அன்று. அலுவலகக் கணினியில், மின்னஞ்சல் இணைப்புகளில், ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இருக்கின்றன. எனவே “நிர்வாகக் கணினி மட்டுமே பாதிக்கப்பட்டது” என்று கூடங்குளம் விவகாரத்தில் சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை. தனி வலையமைப்பு என்பதும் ஓரளவுக்குத்தான். மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு நாள் யாராவது பென் டிரைவோடு வந்தே தீர வேண்டும். ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் இணைய இணைப்பே இல்லாத இடத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் போய்ச் சேர்ந்து 2010இல் அம்பலமானது எல்லாரும் அறிந்ததே.

2021 பிப்ரவரி இறுதியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற நிறுவனம், ரெட் எக்கோ என்று தான் பெயரிட்ட சீனச் சார்புக் குழு இந்திய மின்துறையின் பத்து இலக்குகளையும் இரண்டு துறைமுகங்களையும் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. அந்தத் துறைமுகங்களில் ஒன்று நம் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். கருவி, ஷேடோபேட் என்னும் தீநிரல். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2020 அக்டோபர் 12இல் மும்பை இருண்டதற்கு நாசவேலை காரணமாக இருக்கலாம் என்று மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் சொன்னார். மனிதத் தவறே காரணம் என்று ஒன்றிய மின்துறை அமைச்சர் சொன்னார். ஷேடோபேட் பற்றி 2020 நவம்பர் 19ஆம் தேதியே செர்ட்-இன் எச்சரித்தது, நடவடிக்கை எடுத்தாயிற்று, தரவு எதுவும் போகவில்லை என்று மின்துறை அமைச்சகம் சொன்னது. மும்பை இருட்டுக்கும் ஷேடோபேடுக்கும் தொடர்பிருந்ததாக அந்த நிறுவனமே உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை செய்கிறவனுக்கு அமைச்சர்களின் சண்டை பயன்படாது. அந்த நவம்பர் எச்சரிக்கையில் இருந்த இணைய முகவரிப் பட்டியலும் கோப்பு அடையாளங்களும் ஒவ்வொரு வட்ட அலுவலகத்துக்கும் வந்திருந்தால் அதுதான் பயன். வழக்குரைஞர் அம்மா சொல்வதன் பக்கம் நான் நிற்கிறேன்.

#5 கோத்தகிரி விடுதி

நான்கு அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதியை நடத்துகிறோம். வாசலில், வண்டி நிறுத்துமிடத்தில், வரவேற்பில் என்று கேமராக்கள் மாட்டியிருக்கிறோம். மேலே ஐயா நெதர்லாந்துக் கேமராவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு கேமராப் படங்களைப் பதிவு செய்யும் எங்கள் டிவிஆர் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். மாட்டிக்கொடுத்த பையன் போட்ட கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறது. எங்கள் சாலையில் அவர் மாட்டிய எல்லா வீடுகளுக்கும் அதே எண்தானாம், மறக்காமல் இருக்க. கைபேசியில் பார்ப்பதற்காக ரூட்டரில் ஏதோ போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து வைத்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்தையும் இரண்டு கார்களையும் காட்டும் கேமராவில் எந்த நாட்டு அரசுக்கு என்ன வேலை என்பது எனக்குப் புரியவில்லை.

#6 குன்னூர் வாசகர்

அக்கா, படத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பெட்டி.

2022 ஏப்ரலில் அதே ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. லடாக் எல்லைக்கு அருகிலுள்ள வட இந்தியச் சுமை அனுப்பு மையங்கள் குறைந்தது ஏழைக் குறிவைத்த ஊடுருவலில், ஷேடோபேடுக்குக் கட்டளை அனுப்பவும் அதனிடமிருந்து தகவல் பெறவும் இடைநிலையமாகப் பயன்பட்டவை, இணையத்தில் திறந்துகிடந்து வசப்படுத்தப்பட்ட டிவிஆர் பெட்டிகளும் ஐபி கேமராக்களும்தாம் என்று அது கணித்தது. உங்களுடையதைப் போன்ற ஒரு பெட்டி ஒரு சிறு லினக்ஸ் கணினி. இரவு பகல் ஓடும், யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, புதுப்பிப்பு வருவதில்லை. மின்நிலையத்துக் காவலர் தம் பதிவேட்டைப் புரட்டினால் பெய்ஜிங் முகவரி தெரியாது, யாரோ ஒருவர் வீட்டு பிராட்பேண்ட் எண் தெரியும். முதல் கதவு அப்படித் தட்டப்படுவது உங்கள் வீட்டில்தான்.

அமெரிக்காவில் வோல்ட் டைஃபூன் என்ற சீனச் சார்புக் குழு இதையே வீட்டு ரூட்டர்களை வைத்துச் செய்தது. தயாரிப்பாளர்கள் கைவிட்ட பழைய சிஸ்கோ, நெட்கியர் ரூட்டர்களே பெரும்பாலும் சிக்கின. 2023 மே மாதம் அமெரிக்காவும் அதன் நான்கு கூட்டாளிகளும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கை, குழுவின் நாட்டைப் பெயர் சொன்னதோடு, விண்டோஸிலேயே இருக்கும் எந்தெந்தக் கட்டளைகளை அவர்கள் என்ன வரிசையில் தட்டுகிறார்கள் என்பதுவரை எழுதியது. ரூட்டரைத் தாண்டி இலக்கின் கணினிகளுக்குள் போனபின் புதிதாகத் தீநிரல் எதையும் கொண்டுவராமல், அங்கேயே உள்ள கருவிகளை எடுத்து வேலையை முடித்துப் போகிறவர்கள் அவர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் அவர்களை எளிதில் காணாது. பெயர் சொல்லும் அரசு இந்த விவரங்களையும் சேர்த்துத் தர வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறது. இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓய்வூதியர் ஐயாவுக்கு என் பதில் இதுவே. பெயர் சொல்வதால் எதிரி வெட்கப்படுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

#7 முத்தோரை மாணவன்

சொல்வதால் எதிரி நிற்கிறானா? 2014இல் அமெரிக்கா குற்றம் சாட்டிய அந்த ஐந்து சீன அதிகாரிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்தாரா?

#8 வெலிங்டன் ஓய்வூதியர்

ஒருவரும் வரவில்லை, தம்பி. அந்தக் குற்றப்பத்திரிகைக்கும் 2015 செப்டம்பரில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் செய்துகொண்ட உடன்பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பார்கள். வணிக ஆதாயத்துக்காகக் கம்பெனி ரகசியங்களைத் திருடுவதில்லை என்று இரு தரப்பும் வாக்களித்தன. அதன் பிறகு ஊடுருவல்கள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் 2016இல் ஃபயர்ஐ நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி அந்தச் சரிவு 2014 நடுவிலேயே தொடங்கிவிட்டது. சீன ராணுவத்தின் உள் சீரமைப்புக்கும் அதில் பங்கிருந்தது. சில ஆண்டுகளில் பழைய வேலை வேறு அமைப்பின் கைக்கு மாறித் தொடர்ந்தது.

கையில் சிக்கியவர் என்று சொன்னால் சூ யான்ஜுன். சீன உளவு அமைச்சக அதிகாரியான அவர் விமான எஞ்சின் ரகசியத்துக்காக ஒரு பொறியாளரை வளைக்கப் பெல்ஜியத்துக்கு வந்தபோது, 2018 ஏப்ரலில் பிடிபட்டார். 2022இல் 20 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2024 நவம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் ஊர் திரும்பிவிட்டார். கணினி முன்னால் இருந்தபடியே வேலை செய்கிறவன் பெல்ஜியத்துக்கு வரவே மாட்டான்.

தூதர்களை வெளியேற்றுவதும் தடை விதிப்பதும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலையில் முதன்முறையாக ஆறு பேருக்கும் மூன்று அமைப்புகளுக்கும் தடை விதித்தது. அல்பேனியா 2022 செப்டம்பரில் ஈரானோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. இணையத் தாக்குதலுக்காக ஒரு நாடு அந்த எல்லை வரை போனது அதிகம் பேசப்பட்டது. அல்பேனியாவுக்கு ஈரானோடு மூவாயிரம் கிலோமீட்டர் எல்லை கிடையாது. நமக்குச் சீனாவோடு உண்டு. கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு 2020 ஜூன் 29இல் 59 செயலிகளைத் தடை செய்தபோதுகூட அரசாணையில் சீனா என்ற சொல் இல்லை, எல்லாருக்கும் புரிந்தது. தொலைத்தொடர்பில் நம்பகமான மூலங்களிலிருந்து மட்டுமே கருவி வாங்க வேண்டும் என்ற விதியும் 2021 ஜூனிலிருந்து இப்படியே, பெயரில்லாமல் வந்தது. பேச்சைக் குறைத்துச் செயலில் காட்டுவதும் ஒரு பதில்தான்.

#9 உதகை வழக்குரைஞர்

ஐயா தந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. செயலியைத் தடை செய்யும்போது குடிமகனுக்குக் காரணம் கேட்க இடமில்லாமல் போனது.

வாசகர் தம்பி விட்டுவிட்ட ஒரு செய்தி உண்டு. வோல்ட் டைஃபூன் வசப்படுத்திய அந்த ரூட்டர்களை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே துப்புரவு செய்தது. நீதிமன்ற ஆணை பெற்று, உரிமையாளர்களின் முன் அனுமதியின்றி, நூற்றுக்கணக்கான ரூட்டர்களுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து தீநிரலை நீக்கியதாக 2024 ஜனவரி இறுதியில் அறிவித்தார்கள். 2021இல் மைக்ரோசாஃப்ட் எக்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களிலும் இதையே செய்திருந்தார்கள். திருடன் வந்த அதே பின்வாசல் வழியாகக் காவலரும் உங்கள் வீட்டுக்குள் வந்து போகிறார் என்பதுதான் இதன் பொருள். அங்கே ஒரு நீதிபதி கையெழுத்திட வேண்டியிருந்தது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் கண்காணிப்புக்கு ஆணையிடுபவர் உள்துறைச் செயலர், நீதிபதி அன்று. இந்த அதிகாரம் நம் அமைப்புகளுக்கு வேண்டுமென்று கேட்பதற்கு முன் அந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ரூட்டரை அணைத்துப் போட்டால் புலனாய்வுத் துறையினர் செய்த பாதுகாப்பும் அழிந்துவிடும், மறுபடி தொற்றலாம் என்று அவர்களே அறிவித்ததால், எல்லாருக்கும் பொது அறிவிப்பும் தேவைப்பட்டது. இரகசியமாகத் தொடங்கிய வேலையே சொல்லாமல் முடியவில்லை.

#10 கோத்தகிரி விடுதி

படித்ததும் அந்தப் பையனை வரவழைத்தேன். போர்ட்டை மூடி, கடவுச்சொல்லை மாற்றி, டிவிஆரை விருந்தினர் வைஃபையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துவிட்டார். இனி ஊட்டிக்குப் போனால் கைபேசியில் வாசலைப் பார்க்க முடியாது என்று என் கணவருக்கு வருத்தம். சாலையில் மற்ற வீடுகளுக்கும் செய்து கொடுங்கள் என்றால், வீட்டுக்கு முந்நூறு ரூபாய் கேட்கிறார்; பக்கத்து வீட்டினர், அரசாங்கக் கடிதம் எதுவும் வரவில்லையே, எதற்கு என்கிறார்கள். கேமராக்களுக்கு ஏதோ சான்றிதழ் கட்டாயம் என்று அவர் சொன்னார். எங்களுக்கு அது பொருந்துமா?

#11 குன்னூர் வாசகர்

பொருந்தாது, அக்கா. 2025 ஏப்ரல் 9ஆம் தேதியிலிருந்து, இணையத்தோடு இணையும் கண்காணிப்புக் கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் சந்தைக்கு வரலாம். அது இனி விற்பவர்களுக்கான விதி. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உங்கள் பெட்டி என்ன மாடல் என்பது பெட்டியின் அடியிலுள்ள ஒட்டியைப் பார்த்தால் தெரியும்; அதை வைத்து, தயாரித்த நிறுவனம் இன்னும் அதற்குப் புதுப்பிப்பு தருகிறதா என்று தேடிப் பார்க்கலாம். அந்த ஒட்டியைப் படமெடுத்து இங்கே போடுங்கள். வரிசை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் காட்டக் கடிதம் வேண்டுமென்றால், செர்ட்-இன் தளத்தில் வீட்டு ரூட்டர், கேமரா பற்றிய பொது அறிவுரைகள் இருக்கின்றன. அவற்றில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஓய்வூதியர் ஐயாவுக்கு அது மகிழ்ச்சி தரும்.